மூலத்தைத் தேடும் பயிற்சி: கல்லூரியில் நூலக ஆய்வுத் திறனும் செய்தி அறிதிறனும்

முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தை ஒருமுறை சுற்றிக் காட்டுவதோடு நூலகப் பயிற்சி முடிந்துவிட்டதாகக் கல்லூரிகள் பலவும் கருதுகின்றன. செய்தியின் மெய்ம்மையைச் சோதிக்கும் திறனோ இதழியல் துறைக்கு உரியதென ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டும் ஒரே திறன் என்பதும், எல்லாத் துறைகளிலும் பாட ஒப்படைப்புகளின் வழியே அதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இத்திறனைக் கற்பிக்கச் சரிபார்ப்புப் பட்டியல்கள் பரவலாகப் பயன்பட்டு வந்துள்ளன. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004இல் உருவாக்கிய ‘கிராப்’ சோதனை காலம், பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம் ஆகிய ஐந்தையும் வினவச் சொல்கிறது. வினாக்கள் சரியானவையே. ஆனால் மாணவர் விடையை அதே பக்கத்தில் தேடும்போது சோதனை பயனற்றுப் போகிறது. வடிவமைப்பு, அடிக்குறிப்புகள், ‘எங்களைப் பற்றி’ என்னும் பகுதி ஆகிய அனைத்தும் தளத்தை நடத்துபவர் தாமே அமைத்துக்கொண்டவை.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பெர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்துகிறது. வரலாற்றறிஞர் 10 பேர், செய்தி சரிபார்ப்போர் 10 பேர், இளநிலை மாணவர் 25 பேர் அதில் பங்கேற்றனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பேரமைப்பு ஒன்றின் தளமும், கொள்கை வேறுபாட்டால் 2002இல் உருவான சிறு குழுவின் தளமும் அவர்களுக்குக் காட்டப்பட்டன. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவையே நம்பகமானதாகக் கருதினர். வரலாற்றறிஞர் சிலரும் தடுமாறினர். செய்தி சரிபார்ப்போரோ உடனே அத்தளத்தை விட்டு வெளியேறி, அக்குழுவைப் பற்றிப் பிறர் எழுதியிருப்பதைத் தேடிக் குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தனர். இதுவே பக்கவாட்டு வாசிப்பு.

நூலகம் காலங்காலமாகச் செய்துவரும் பணியும் இதுதான். நூற்பட்டியல், கலைக்களஞ்சியம், நாளிதழ்த் தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கூற்றை மற்ற கூற்றுகளின் நடுவே நிறுத்திக் காட்டும் கருவி. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. அந்த விதியின் பயனைச் செய்தி சரிபார்ப்போரின் விரைவில் காண்கிறோம்.

இத்திறனின் தேவையை 2023 மார்ச் மாதம் தமிழ்நாடு நேரில் உணர்ந்தது. பிகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. அவற்றுள் சில வேறு மாநிலங்களில் எடுக்கப்பட்டவை. காணொளியின் ஒரு காட்சியை வைத்துத் தேடினாலே அதன் பழைய மூலம் கிடைத்திருக்கும். அதைச் செய்யாமல் பகிர்ந்ததால் தொழிலாளர்களிடையே அச்சம் பரவியது.

எதையும் சந்தேகிக்கக் கற்பித்தால் மாணவர் எதையுமே நம்பாதவர் ஆகிவிடுவார் என்பது நியாயமான மறுப்பு. சந்தேகத்தை மட்டும் கற்பித்தால் அது நிகழும். நூலக ஆய்வு அதைத் தடுக்கிறது; எவரை, எந்தப் பொருளில், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் அது சேர்த்தே கற்றுத் தருகிறது.

ஆகவே ஆசிரியரும் நூலகரும் இணைந்து ஒப்படைப்புகளை வடிவமைக்க வேண்டும். முடிவுரைக்கு மட்டுமன்றி, தேடிய வழிக்கும் நிராகரித்த மூலங்களுக்கும் மதிப்பெண் தர வேண்டும். சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தின் ஆய்வேடுகளையும், கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் மின்வளத் திட்டத்தின் இதழ்களையும் மாணவர் முதலாண்டிலேயே கையாளப் பழக வேண்டும். நூலகரைப் புத்தகக் காவலராக அன்றி ஆசிரியராக நடத்தும் கல்லூரியே இதைச் செய்ய முடியும். பாடத்திட்டக் குழுக்கள் அதற்கு வழிசெய்ய வேண்டும்.