யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்ததா என இயேசுவிடம் வினவியதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டுமன்று என்பதே அவர் மறுமொழி.

1853இல் உருவான அமெரிக்க ஆற்காடு மிஷன், பட்டுத்தறி ஒலிக்கும் ஆரணியையும் தன் பணித்தளமாகக் கொண்டது. முன்வினைப் பயனென்று ஊர் பழித்த பெற்றோருக்கு அம்மறுமொழி பெரும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். தெற்கே பாளையங்கோட்டையில் அது பள்ளிகளாகவே உருப்பெற்றது. ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்கும், அதே பத்தாண்டில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாதோருக்கும் பள்ளி தொடங்கினர்.

நிறுவியோர் பெயர்களை வரலாறு போற்றுகிறது. பிள்ளையை அங்கே விட்டுத் திரும்பிய தாயையும், வீட்டிலேயே வைத்து வளர்த்த தாயையும் நாம் அறிவதில்லை. அவர்களுடைய விசுவாசமும் திருச்சபை வரலாறுதானே?