நீல தேவதை (திரைப்படம்): இறுதிக்காட்சி

ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கி, 1930-இல் பெர்லினில் வெளியான ஜெர்மன் பேசும்படம் ‘நீல தேவதை’யின் முடிவுப் பகுதி. மயக்கும் பெண்ணால் வீழும் ஆணைப் பற்றிய துன்பியல் படங்களில் முதன்மையானது இது.

கேளிக்கை விடுதிப் பாடகி லோலாவை (மார்லினே டீட்ரிச்) காதலித்து வேலையிழந்து, அவளை மணந்த பேராசிரியர் ராட் (எமில் யானிங்ஸ்), சொந்த ஊர் மேடையில் கோமாளியாக நிற்கிறார். தலையில் முட்டை உடைபடுகிறது. சேவல்போலக் கூவச் சொல்கிறார்கள். திருமண விருந்தில் அவர் மகிழ்ச்சியில் எழுப்பிய அதே கூவல் இங்கே அலறலாகிறது. இரவில் பழைய வகுப்பறைக்குள் நுழைந்து, மேசையை இறுகப் பற்றியபடி இறக்கிறார். காவலாளியால் அந்தப் பிடியை விடுவிக்க முடியவில்லை. கேமரா மெல்லப் பின்வாங்குகிறது.

மேசைப் பிடியை, இழந்த மதிப்பின் மீதான ஏக்கம் எனலாம்; அதிகாரத்தை விடாத பிடிவாதம் என்றும் கொள்ளலாம். முன்னதே காட்சிக்கு நெருக்கமானது. லோலாவோ நாற்காலியில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கிறாள். படம் அவளைத் தண்டிப்பதில்லை. மூலமான ஹைன்ரிக் மான் நாவலில் (1905) பேராசிரியர் இறப்பதில்லை, கைதாகிறார். திரைப்பட விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர் 1947-இல் இப்படத்தை நாஜி காலத்துக்கு முந்தைய ஜெர்மன் மனநிலையோடு இணைத்து வாசித்தார்.