அவசர ஊர்திச் சாரதிகளுக்கான வீதி விதிகளும் விலக்குகளும்

நோயாளர் காவு வண்டி, தீயணைப்பு வாகனம், பொலிஸ் வாகனம் ஆகியவற்றின் சாரதிகள் அவசரக் கடமையின்போது வேக எல்லை, சமிக்ஞை விளக்கு போன்ற சில வீதி விதிகளைக் கடந்து செல்லச் சட்டம் தரும் இடமே இந்த விலக்கு. இது வண்டிக்கோ சாரதிக்கோ உரியதல்ல, அந்த நேரத்துப் பணிக்கு உரியது. நோயாளியை இறக்கிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பும் அம்பியூலன்ஸ் வீதியில் வெறும் வேன்தான்.

இலங்கையின் வீதிப் போக்குவரத்தை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆள்கின்றன. இச்சட்டம் பிரித்தானிய மரபில் பிறந்தது. விலக்கின் இலக்கணத்தையும் அந்த மரபில் தெளிவாகக் காணலாம். பிரித்தானியாவின் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87 ஆம் பிரிவின்படி, வேக எல்லைக்குக் கட்டுப்படுவது கடமைக்கு இடையூறாகும் என்றால் மட்டுமே அந்த எல்லை பொருந்தாது. சிவப்பு விளக்கு அங்கே அவசர ஊர்திக்கு ‘மற்றவர்க்கு வழிவிட்டுப் போ’ என்ற குறியாக மாறுகிறது. ஆபத்தாக ஓட்டிய குற்றத்துக்கோ விலக்கே கிடையாது. பொலிஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று மோதிய வழக்கில் 1959 இல் வந்த தீர்ப்பு, கடமையில் இருந்தவரும் மற்றச் சாரதிகளுக்குரிய அதே கவனத்தோடு ஓட்டியிருக்க வேண்டும் என்றது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவும், கவனயீனத்தால் மரணம் விளைவித்தவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை (34 ஆம் உறுப்புரை) இரு நிபந்தனைகளை வைக்கிறது: சிறப்பு விளக்கும் ஒலியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், பிறருக்கு ஆபத்து விளையக் கூடாது. அவை நிறைவேறினாலும், போக்குவரத்தை நெறிப்படுத்தும் அதிகாரியின் கட்டளையை மட்டும் மீற முடியாது. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகலாம், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரின் கையைத் தாண்ட முடியாது. சந்தி முழுவதையும் பார்க்கிறவர் அவர்தானே! இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குவிதிகள், அவசர ஊர்திகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது யார் முதலில் என்பதையும் வகுத்திருக்கின்றன: தீயணைப்பு, அடுத்து அம்பியூலன்ஸ், அதற்கடுத்துப் பொலிஸ். வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபா தண்டம், அல்லது இரண்டும் என்கிறது அந்நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்க்கப்பட்ட 194E பிரிவு.

வழிவிடுதல் என்றால் ஓரம் ஒதுங்குதல். இலங்கையின் மலைநாட்டு நாவலப்பிட்டியில் சிக்கலே அந்த ஓரம்தான். மகாவலிக் கரையில், மலையேறும் ரயில் பாதையோடு வளர்ந்த இந்த ஊரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கினிகத்தேனை, தொலஸ்பாகை, கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் உலப்பனை, கம்பளை, கெலிஓயா, பேராதனை, கெட்டம்பே வழியாகக் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் மலைவீதியில் சைரன் கேட்டதும் பிரேக் அடித்து நிற்கும் பஸ், உதவி செய்வதாக எண்ணி வழியை அடைத்துவிடும். அகலமான இடம் வரும்வரை முன்னால் விரைந்து போய்ப் பிறகு ஒதுங்குவதே அங்கே உண்மையான வழிவிடல். வளைவில் எதிரே வருபவருக்குச் சைரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் சட்டெனப் புரியாது. ஆகவே வேக விலக்கு இங்கே பெரும்பாலும் ஏட்டளவில்தான். பின்னால் படுத்திருப்பவருக்கும், நின்றபடி சேலைன் பிடிப்பவருக்கும் ஒரே சீரான ஓட்டம்தான் தேவை.

விலக்கு எட்டாத இன்னோர் இடம் ரயில் கடவை. மூடிய கதவின் முன் எல்லா வண்டியும் ஒன்றே. ரயில் நினைத்த இடத்தில் நிற்காது.

தோட்டத்து நோயாளிகள் பலர் அம்பியூலன்ஸில் வருவதில்லை. லயத்திலிருந்து முச்சக்கர வண்டியிலோ தோட்ட லொறியிலோ வருவார்கள். முன்விளக்கை எரியவிட்டு, ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் அந்த வண்டிக்கு வீதியில் எல்லோரும் வழிவிடுவார்கள், சட்டம் விடாது. அவசர ஊர்திக்குரிய விளக்கும் சைரனும் இல்லாதவரை அது சாதாரண வண்டிதான், விபத்து நேர்ந்தால் பழி முழுவதும் ஓட்டியவர் தலையில். இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே கட்டணமற்ற 1990 சுவசெரிய சேவை. இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் அதற்கெனத் தனி மன்றத்தை அமைத்தது. தமிழ்நாட்டின் 108 சேவையைப் போலவே இங்கும் சாரதிக்குப் ‘பைலட்’ என்று பெயர். அழைப்பு வந்ததும் பயிற்சி பெற்ற உதவியாளரோடு புறப்படுவதால், நோயாளியிடம் போகும் வெற்று வண்டிக்கும் அவசரத் தகுதி உண்டு.

சைரனின் மதிப்பு அது அரிதாகக் கேட்பதில் இருக்கிறது. தனியார் வண்டிகளில் பொருத்தப்படும் பலகுரல் ஹோர்ன்களும் மின்னும் நிற விளக்குகளும் அதைக் குறைக்கின்றன. அனுமதியற்ற இத்தகைய கருவிகளை அகற்ற 2025 ஜனவரியில் பொலிஸார் நாடளாவிய சோதனையில் இறங்கினர்.