பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்கள்

1996-இல் தேனி தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த கம்பம் பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைந்த பூமியாக இருந்ததோடு, போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியே ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிக்கு ஆள் ஏறிப்போன பூமியாகவும் இருந்தது. இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த வரதராஜன், பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகிய உடன்பிறந்தோர் நடத்திய 'பாவலர் பிரதர்ஸ்' குழுவின் வரலாறும் அந்த மலைப்பாதைகளோடு பிணைந்ததே.

குழுவின் தலைவரான பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளின் பாடகர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் 1958-இல் மறுதேர்தல் நடந்தபோது, கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் ஊர் ஊராகப் பாடினார். ரோசம்மாவின் வெற்றியில் அப்பாட்டுகளுக்கும் பங்குண்டு என்பது கட்சி வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. மக்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த சினிமா மெட்டில், அதாவது பாட்டின் இசை வடிவில், கூலியையும் விலைவாசியையும் பற்றிய புதிய சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் கையாண்ட உத்தி. மெட்டு பழகியதாக இருந்தமையால் கேட்போரின் கவனம் முழுவதும் சொல்லின்மேல் சென்றது; பாட்டுத் தொய்ந்தால் கூட்டம் எழுந்து போய்விடும் என்பதால், மேடையிலிருந்தோர் எதிரிலிருந்த முகங்களைப் பார்த்தே பாடவும் வாசிக்கவும் வேண்டியிருந்தது.

பதினான்கு வயதளவில் இக்குழுவில் சேர்ந்த இளையராஜா, தொடக்கத்தில் பெண்குரலில் பாடி, குரல் உடைந்தபின் ஆர்மோனியத்தில் ஊன்றினார். அவரது இசையின் தோற்றுவாயை மேற்கத்திய இசையும் கிதாரும் கற்ற சென்னை வகுப்புகளில் மட்டும் தேடுவோர், இந்தத் திறந்தவெளிப் பயிற்சிக்கு உரிய இடம் தருவதில்லை. 1976-இல் இளையராஜாவின் இசையில் வெளிவந்த 'அன்னக்கிளி' படம் நகரத்துச் செவிக்குப் புதிதாக ஒலித்ததே தவிர, கிராமத்துக் கூட்டத்தை நிறுத்திவைக்கும் வித்தை அதன் இசையமைப்பாளருக்குப் புதிதன்று.

1960-களின் இறுதியில் இளையவர்கள் சென்னைக்குப் பெயர்ந்தனர். 'அன்னக்கிளி' வெளிவருமுன்பே, 1973-இல் வரதராஜன் மறைந்தார். கங்கை அமரன் பாடலாசிரியராகி, 1989-இல் 'கரகாட்டக்காரன்' படத்தை இயக்கினார். அண்ணனின் பட்டத்தைத் தாங்கிய 'பாவலர் கிரியேஷன்ஸ்' சார்பில் பாஸ்கர் 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்தபோது, அதை இயக்கியவர் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா.