எந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டார்? சந்திரிகா தீர்ப்பும் தண்டனைக் குறைப்பும்

கொடுங்குற்ற வழக்கில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதற்காகத் தண்டனையைக் குறைக்கக்கூடாது என்று 1999-இல் உத்தரப்பிரதேச அரசு எதிர் சந்திரிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டதாகவே குற்றவியல் சட்டத் துறையில் எழுதப்பட்டு வருகிறது. அந்தத் தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் வாதம்.

அங்கே நடந்தது என்ன? இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவின்கீழ் குற்றத்தீர்ப்பு ஏற்கெனவே வந்திருந்தது. மேல்முறையீட்டில்தான், தீர்ப்பை எதிர்க்கவில்லை, தண்டனையை மட்டும் குறையுங்கள் என்று எதிரி தரப்பு கேட்டது. உயர் நீதிமன்றம் இசைந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாட்சிகள் கூண்டேறி இறங்கிய பிறகு வந்த ஒப்புதல் அது. யாருடைய சுமையையும் இறக்கவில்லை. தீர்ப்பின் வாசகம் விரிவானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அது நிற்கும் மரபைப் பாருங்கள்: முரளீதர் லோயா (1976), காசம்பாய் (1980) இரண்டும் உணவுக் கலப்பட வழக்குகள், இரண்டிலும் கண்டிக்கப்பட்டது, குறைந்த தண்டனைக்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரம். குற்றச்சாட்டு வனைந்த அன்றே, ஒரு சாட்சியும் அழைக்கப்படுமுன், பேரமின்றி ஒப்புக்கொள்பவரின் நிலை சந்திரிகாவில் எழவேயில்லை.

காவிரிப் படுகையில் இந்த வேறுபாடு பெரிது. வாய்க்கால் முறைக்கும் வரப்புக்கும் மூளும் சண்டையில் மண்வெட்டி வெட்டு விழுந்தால், பார்த்தவர்கள் பெரும்பாலும் நடவுக்கு வந்த கூலியாட்களாக இருப்பார்கள். அடுத்த குறுவைக்கும் அவர்கள் அதே மிராசுதாரிடம்தான் வேலை கேட்க வேண்டும். வழக்கு இழுக்க இழுக்க அவர்கள் பிறழ்சாட்சியாகும் வாய்ப்பு கூடுகிறது. முதல் நாள் ஒப்புதல் அவர்களை இந்த நெருக்கடியிலிருந்து விடுவிக்கிறது. எதிரியின் மனவருத்தம் உண்மையா என்று அளக்க முடியாதபோதும் இந்தப் பயன் நிற்கிறது.

கனமான மறுப்பு கீழ்வெண்மணியிலிருந்து வருகிறது. 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 44 பேர் எரிந்து மாண்டார்கள். அந்த வழக்கில் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஒப்புதலுக்குச் சலுகை தந்தால், வசதியுள்ளவர் மறுத்து வெல்வார், இல்லாதவர் ஒப்புக்கொண்டு உள்ளே போவார். முதலாளிக்காக ஆளையே மாற்றி நிறுத்தவும் கூடும். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் ஒப்புதலை ஏற்பதா என்பதை நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது சட்டம் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 229, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 252). ஆவணங்கள் தனித்து நின்றே குற்றத்தைக் காட்டுகின்றனவா, எதிரிக்கு வழக்கறிஞர் உண்டா என்று பார்க்காமல் அதை ஏற்கவே கூடாது. ஆனால் சலுகையே இல்லை என்பதும் அந்த ஏழையைக் காப்பதில்லை. ஒப்புக்கொண்டதற்கு அவருக்கு எதுவும் கிடைக்காமல் செய்கிறது.

ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 2006 முதல் பேரத்துக்கு இடமில்லையே என்பார்கள். அது பேரத்துக்கான தடை; தண்டனை பற்றி எதிரியைக் கேட்கும் கட்டத்தை அது தொடவில்லை. கொலைக்கு ஆயுளோ மரணமோதான் என்பதால் அங்கே இந்த வாதத்துக்கு இடம் குறுகல். கொலையாகாத மரணத்தில், பாரதிய நியாய சன்ஹிதா 105-இன் முதற்பகுதி ஆயுள் தண்டனையையோ ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையையோ அனுமதிக்கிறது; அந்த இடைவெளியில்தான் ஒப்புதலின் காலம் எடைபோடப்பட வேண்டும். எந்தக் கட்டத்தில் ஒப்புதல் வந்தது, அதற்காக எத்தனை ஆண்டு குறைக்கப்பட்டது என்று தஞ்சை அமர்வு நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுதட்டும். எழுதினால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைச் சோதிக்க முடியும்.