நிரையும் நிரலும்: இருவழி அட்டவணையும் எதிர்வுகூறலும்

இருவழி அட்டவணை பார்வைக்கு மிக எளியது. ஒரு மாதிரியிற் சேர்ந்தோரை ஒரு பண்பின்படி நிரைகளிலும் மற்றொரு பண்பின்படி நிரல்களிலும் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என எண்ணினால் அட்டவணை முடிந்துவிடும். இரு பண்புகளுக்கிடையே தொடர்புண்டா என அளக்கும் முறைகள் கார்ல் பியர்சன் காலத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டன. ஆயினும் தொடர்புண்டு என அறிதல் வேறு. அதனைக் கொண்டு வருவதை எதிர்வுகூறல் வேறு. இவ்வேறுபாட்டைப் பிரித்தானியாவில் நிகழ்ந்த புகைத்தல் ஆய்வுகள்போல விளக்குவன அரிது.

1950 செப்டெம்பரில் றிச்சர்ட் டோல், ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் ஆகிய இருவரும் தமது முதல் அறிக்கையை வெளியிட்டனர். இலண்டனின் இருபது வைத்தியசாலைகளிலே சுவாசப்பைப் புற்றுநோயுற்றோர் வினவப்பட்டனர். நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஈடாக, அதே பாலினரும் ஒத்த வயதினருமான பிற நோயாளர் ஒருவர் ஒப்பீட்டுக்காகத் தெரிவுசெய்யப்பட்டார். புற்றுநோயுற்ற ஆண்கள் 649 பேருள் புகைக்காதோர் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களுள் அத்தகையோர் 27 பேர்.

இவ்வட்டவணையைப் படிப்பதில் ஓர் இடர் உண்டு. புகைத்தோர் மொத்தம் 1,269 பேர். அவர்களுள் 647 பேர் புற்றுநோயுற்றோர். எனவே புகைப்போரிற் பாதிப்பேருக்கு இந்நோய் வரும் என ஒருவர் கூறின், அது முழுப் பிழையாகும். நோயுற்றோரும் ஏனையோரும் சம எண்ணிக்கையினராக இருந்தமை இயற்கையின் செயலன்று; ஆய்வாளரின் ஏற்பாடு. நோயுற்றோருள் எத்தனை பேர் புகைத்தனர் எனக் கேட்பதற்கு அவ்வட்டவணை இடந்தரும். புகைப்போருள் எத்தனை பேர் நோயுறுவர் என்பதற்கு நேரே விடை தராது. 1951இல் ஜெரோம் கோர்ன்பீல்ட் இதற்கு ஒருபுடை வழிகண்டார். நோய் அரிதாயின், அட்டவணையின் மூலைவிட்டப் பெருக்கங்களின் விகிதம் இரு சாராரின் ஆபத்து விகிதத்துக்கு அண்ணளவாகும் என அவர் காட்டினார். மேற்கூறிய எண்களுக்கு அது ஏறத்தாழ 14 ஆகும். ஆனால் எதன் பதினான்கு மடங்கு என்ற வினா எஞ்சியே நின்றது.

அதற்கு விடைகாண, நோயிலிருந்து பின்னோக்கிச் செல்லாது பழக்கத்திலிருந்து முன்னோக்கிச் செல்லவேண்டியிருந்தது. 1951 ஒக்டோபர் இறுதியில், பிரித்தானிய மருத்துவர் ஏறத்தாழ 60,000 பேருக்கு ஒரு சிறிய வினாக்கொத்து அனுப்பப்பட்டது. 40,000 பேருக்கு மேற்பட்டோர் விடையளித்தனர். மருத்துவரைத் தெரிந்தமை கெட்டிக்காரத்தனமான ஏற்பாடே. பதிவேட்டில் உள்ளோரின் இறப்பைத் தொடர்ந்து அறிதல் எளிது. இங்கே நிரைகள் முதலில் நிரம்பின. நிரல்களைக் காலம் நிரப்பியது.

1956இல் வெளிவந்த இரண்டாம் அறிக்கையின்படி, 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்களிற் சுவாசப்பைப் புற்றுநோயால் ஆண்டுதோறும் இறந்தோர், இலட்சத்துக்குப் புகைக்காதோரில் 7 பேர். சிறிதளவு புகைப்போரில் 47 பேர். நடுத்தரமாகப் புகைப்போரில் 86 பேர். மிகுதியாகப் புகைப்போரில் 166 பேர். விகிதத்தோடு அடிப்படை எண்ணும் இப்போது கிடைத்தது. மிகுதியாகப் புகைக்கும் தனியொருவரைச் சுட்டி, இவ்வாண்டு இந்நோயால் இறவார் எனக் கூறுவோர் ஆயிரத்தில் 998 முறை சரியாகவே கூறுவர். ஆனால் அத்தகையோர் ஓர் இலட்சம் பேரெனின், இறப்போர் தொகையை முன்கூட்டிக் கணிக்கலாம். அட்டவணை எதிர்வுகூறுவது கூட்டத்தை, ஆளையன்று.

புள்ளிவிபரவியலின் பேரறிஞர் றொனால்ட் பிஷர் இம்முடிவுகளை ஏற்கவில்லை. புகைக்கும் நாட்டத்தையும் நோயையும் ஒருங்கே தரும் பரம்பரைக் காரணி இருக்கலாம் என அவர் வாதித்தார். அவர் புகைபிடிப்பவர் என்பதையும், புகையிலை உற்பத்தியாளருக்கு ஆலோசகராயிருந்தார் என்பதையும் பலர் எடுத்துக்காட்டுவர். எனினும் வாதத்தை வாதத்தாலேயே எதிர்கொள்ளல் முறை. 1959இல் கோர்ன்பீல்டும் பிறரும் அதையே செய்தனர். ஒன்பது மடங்கு ஆபத்தை ஒரு மறைகாரணியே முழுதும் விளைவிப்பதாயின், அக்காரணி புகைப்போரிடத்தே குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்து காணப்படல்வேண்டும். அத்தகைய காரணி எதனையும் எவரும் காட்டவில்லை.

அம்மருத்துவர்களைப் பற்றிய ஐம்பதாண்டு அறிக்கை 2004இல் வெளிவந்தது. அப்போது டோலுக்கு வயது 91. தொடர்ந்து புகைத்த ஆண்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர் என்றும், முப்பது வயதளவில் நிறுத்தியோர் அவ்விழப்பினின்றும் ஏறக்குறைய முற்றாகத் தப்பினர் என்றும் அவ்வறிக்கை காட்டிற்று.