பாக்டீரியா டிஎன்ஏவை உடல் இனங்காண்பது தெரியவந்த வரலாறு

பாக்டீரியாவின் டிஎன்ஏவும் மனிதரின் டிஎன்ஏவும் ஒரே நான்கு காரங்களால், அதாவது எழுத்துகளால், ஆனவை. ஆகவே பாக்டீரியாவின் செல்சுவரை அந்நியப் பொருளென்று கண்டுகொள்ளும் உள்ளார்ந்த நோயெதிர்ப்பு அமைப்பு, அதன் டிஎன்ஏவையும் தனியாக அறியும் என்று நெடுங்காலம் எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

அது உண்மையில் அறிகிறது என்பதற்கான தடயம் புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, 1890களில் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களின் கலவையைப் புற்றுக்கட்டி நோயாளிகளுக்குச் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, காரணம் விளங்கவில்லை. பின்னாளில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியிலும் இத்தகைய ஆற்றல் தெரிந்தது. அதில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று டோக்கியோவில் தோஹ்ரு தொகுனாகாவின் குழு தேடியது. 1984இல் அவர்கள் அறிவித்த சாறு பெரும்பாலும் நியூக்ளிக் அமிலம். அதிலிருந்த ஆர்என்ஏவை நொதியால் சிதைத்தபோது கட்டியை எதிர்க்கும் ஆற்றல் குறையவில்லை. டிஎன்ஏவைச் சிதைத்ததும் ஆற்றல் குறைந்தது. வேறு பாக்டீரியாப் பொருள் கலந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது ஒரு நேரடியான பதில்.

அதே குழுவின் சபுரோ யமமோதோ, முதுகெலும்பிகளின் டிஎன்ஏவுக்கு இவ்வாற்றல் இல்லை என்று 1992இல் காட்டினார். செயற்கையாகத் தொகுத்த சிறு துண்டுகளில் ஆறெழுத்துத் தொடர்கள் சில மட்டும் இயற்கைக் கொல்லி செல்களைத் தூண்டின. அவற்றின் நடுவில் சைட்டோசின், குவானின் என்ற காரங்கள் அடுத்தடுத்து நின்றன.

அந்த இணையின் முழுப் பொருளையும் உணர்ந்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் ஆர்தர் கிரெக். மரபணுக்களின் செயலைத் தடுப்பதற்காக அவர் செய்த டிஎன்ஏ துண்டுகளில் சில, ஒப்பீட்டுக்கென வைத்திருந்தவை உட்பட, பி செல்களைப் பெருகச் செய்தன. வேறொருவர் சோதனை கெட்டுவிட்டதென்று ஒதுக்கியிருக்கக்கூடிய விளைவு அது. கிரெக் எழுத்து எழுத்தாக மாற்றிப் பார்த்தார். சைட்டோசின்-குவானின் இணையைக் குலைத்தாலோ, அந்தச் சைட்டோசினில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தாலோ தூண்டல் அடங்கியது. 1995இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானது. பாக்டீரியாவில் இவ்விணை எதிர்பார்க்கத்தக்க அளவில் இருக்கிறது, பெரும்பாலும் மெத்தில் இன்றியே. மனித டிஎன்ஏவிலோ எதிர்பார்ப்பதில் கால் பங்குக்கும் குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பகுதி மெத்தில் ஏறியது.

மெத்தில் இல்லாத அந்த இணையைப் படிக்கும் ஏற்பியை 2000இல் ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு கண்டது. டோல் வகையின் ஒன்பதாம் ஏற்பி இல்லாத எலிகளின் செல்கள் பாக்டீரியா டிஎன்ஏவுக்கு அசையவில்லை. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு அத்தகைய டிஎன்ஏவைக் கொடுத்தும் அந்த எலிகள் பிழைத்தன.

ஆனால் எழுத்து வேறுபாடு மட்டும் உடலைக் காக்கப் போதாது. இந்த ஏற்பி செல்லின் வெளிச்சவ்வில் இல்லை. விழுங்கிய பொருளைச் செரிக்கும் எண்டோசோம் பைகளுக்குள் இருக்கிறது. அங்குள்ள நொதிகள் ஏற்பியை வெட்டிய பிறகே அது செயல்படும். வெளியே மிதக்கும் சொந்த டிஎன்ஏ அங்கு சேருமுன் பெரும்பாலும் சிதைந்துவிடும். விழுங்கப்பட்ட பாக்டீரியாவின் டிஎன்ஏ அங்கேதான் வெளிப்படும். 2006இல் கிரெகரி பார்ட்டனும் உடனாய்வாளர்களும் இந்த ஏற்பியை வெளிச்சவ்வில் நிற்குமாறு மாற்றியமைத்தனர். அது உடலின் சொந்த டிஎன்ஏவுக்கே வினையாற்றியது. லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களில் இந்த ஏற்பியின் பங்கு ஆராயப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லின் சைட்டோபிளாசத்திலும் காவல் உண்டு. 2009இல் அறியப்பட்ட எய்ம்2, 2013இல் டல்லஸில் ஜிஜியன் சென் குழு கண்ட சிகாஸ் ஆகிய புரதங்கள் எழுத்து வரிசையைப் பார்ப்பதில்லை. டிஎன்ஏ இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதே அவற்றுக்குப் போதும்.

புற்றுநோய் மருந்தாக, சைட்டோசின்-குவானின் இணை கொண்ட செயற்கை டிஎன்ஏ துண்டுகள் எலிகளில் காட்டிய பலனை மனிதரில் காட்டவில்லை. எலிகளில் பலவகைச் செல்களில் உள்ள ஒன்பதாம் ஏற்பி, மனிதரில் முக்கியமாக பி செல்களிலும் ஒருவகை டென்டிரைட்டிக் செல்களிலும் மட்டுமே இருப்பது ஒரு காரணம். தடுப்பூசியின் துணைப்பொருளாக அவை நிலைபெற்றன. சிபிஜி 1018 என்ற அத்தகைய துண்டு சேர்ந்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 2022 மார்ச் முதல் இந்தியாவில் 12 முதல் 14 வயதுச் சிறாருக்குப் போடப்பட்ட கோர்பிவேக்ஸ் கொரோனா தடுப்பூசியிலும் அதே துண்டு இருந்தது.